ரதம் மேலே போகுது, தண்ணி கீழே வருது: நம்ம கிள்ளான் ஆற்றின் கதை

ஓம் சரவணபவ.

தைப்பூசம் நெருங்கிக்கிட்டு இருக்கு. விரதம் தொடங்கினவங்க, காவடிக்கு மயிலிறகு தேடுறவங்க, பால்குடம் எடுக்கிறவங்க, தண்ணீர்ப் பந்தலுக்கு உபயம் சேர்க்கிறவங்கன்னு எல்லாரும் ஓடிக்கிட்டு இருப்பீங்க. அந்த ஓட்டத்துக்கு நடுவுல ஒரு நீளமான பதிவு போடுறேன். இப்போ நேரம் இல்லைன்னா சேமிச்சு வெச்சு, ராத்திரி பூஜை முடிஞ்ச பிறகு படிங்க.

விஷயம் ஒரு ஆற்றைப் பற்றியது. நாம எல்ஆர்டி ரயில்ல தினமும் தாண்டிப் போற ஆறு. அதன் கிளையிலதான் நம்ம காவடிக்காரங்க தலைமுழுகினாங்க. அது எங்கிருந்து வருது, எங்கே போகுது, நம்ம கோயில்களுக்கும் அதுக்கும் என்ன உறவுன்னு நம்மில் பலர் யோசிச்சுப் பார்த்ததில்லை. நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நதிமூலம் பார்ப்போம்.

முதல்ல ஒரு கேள்வி. பத்துமலையில "பத்து"ன்னா என்ன?

சமய வகுப்புல பிள்ளைங்களைக் கேட்டா, உடனே பத்து விரலையும் விரிச்சுக் காட்டுவாங்க. முருகனுக்கு இது பத்தாவது தலம்னு பெரியவங்களும் விளக்கம் சொல்றது உண்டு. அதுல பக்தி இருக்கு, நான் குறை சொல்ல வரலை. ஆனா பேர் வந்த வழி வேற. "பத்து" என்பது மலாய்ச் சொல். கல், பாறை என்று பொருள். மலைக்குப் பக்கத்துல ஓடுற ஆற்றுக்கு சுங்கை பத்து என்று பேர். நம்ம மொழியில சொன்னா கல்லாறு. அந்த ஆற்றின் பேர்தான் மலைக்கு வந்தது. அதாவது, நம்ம முருகன் நிற்கிற மலைக்கே ஒரு ஆறுதான் பேர் கொடுத்திருக்கு.

நகரத்துக்கும் அதே கதைதான். "கோலா" என்றால் ஒரு ஆறு இன்னொரு ஆற்றிலோ கடலிலோ வந்து கலக்கிற இடம். "லும்பூர்" என்றால் சேறு. சேற்றுக் கூடுதுறை, அதுதான் கோலாலம்பூர். தமிழ்நாட்டில் பவானியைக் கூடுதுறைன்னு சொல்றாங்க இல்லையா, அது மாதிரி இதுவும் ஒரு கூடுதுறை. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கிற இடம்.

இப்போ வரைபடத்தை மனசுல விரிச்சுக்குங்க.

கிள்ளான் ஆறு பிறக்கிறது தித்திவாங்சா மலைத்தொடர்ல. நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துல கோலா செலே என்ற இடம். அங்கே அது காட்டு ஓடை. அதுக்குக் கீழே ஒரு வெள்ளைக்கல் மலைவரிசை குறுக்கே நிற்குது. பளிங்கு மாதிரி இருக்கிற படிகப் பாறை, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல நீளம். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறப் போறவங்க புக்கிட் தாபூர்னு சொல்றது இந்த வரிசையைத்தான். இந்தப் பாறைச் சுவரை ஆறு வெட்டிக்கிட்டு வர்ற வாசலுக்குத்தான் கிள்ளான் கேட்ஸ் என்று பேர். 1958-ல அங்கே அணை கட்டினாங்க. நகரத்தின் குடிதண்ணீருக்கு அது ரொம்ப நாள் முக்கியமான ஆதாரமா இருந்தது. இன்னிக்கு நம்ம குழாயில வர்ற தண்ணீர்ல பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருது, ஆனாலும் கிள்ளான் கேட்ஸ் இன்னும் தன் பங்கைக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கு.

அணையைத் தாண்டி ஆறு தெற்கே இறங்கி, அம்பாங் பக்கம் வந்து, மேற்கே திரும்பி நகரத்துக்குள்ள நுழையுது. வடக்கிலிருந்து கோம்பாக் ஆறு வருது. அந்தக் கோம்பாக் ஆறு கூடுதுறைக்கு வர்றதுக்கு முன்னாடியே பத்து ஆற்றைத் தன்னோட சேர்த்துக்குது. கிள்ளானும் கோம்பாக்கும் சேர்ற முனையில மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் நிற்குது. 1909-ல திறந்தாங்க, ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைச்சது. அங்கிருந்து ஆறு பிரிக்பீல்ட்ஸ் ஓரமா இறங்கி, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் வழியா கிள்ளான் நகரத்தைத் தாண்டி, மலாக்கா நீரிணையில கலக்குது. மொத்த நீளம் சுமார் 120 கிலோமீட்டர்தான். மழைத் தண்ணீரைச் சேர்த்துக் கொடுக்கிற நிலப்பரப்பு சுமார் 1,288 சதுர கிலோமீட்டர்.

காவிரி 800 கிலோமீட்டர் ஓடுது. அதோட ஒப்பிட்டா நம்ம ஆறு ரொம்பச் சின்னது. ஆனா இந்தச் சின்ன ஆற்றின் படுகையிலதான் நாட்டின் தலைநகரமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியும் உட்கார்ந்திருக்கு. மலையிலிருந்து கடலுக்கு தூரம் குறைவு, மழையோ அதிகம். மத்தியானம் மலையில இடி இடிச்சா, சாயந்திரத்துக்குள்ள நகரத்துல தண்ணி ஏறிடும். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்துல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், சாதாரண நாள்ல கணுக்கால் அளவு மாதிரி தெரியிற தண்ணி, மழை நாள்ல கரைச் சுவரைத் தொடும்.

சரி, இந்தச் சேற்றுக் கூடுதுறையில ஊர் எப்படி வந்தது?

1857-ல கிள்ளான் பகுதித் தலைவரா இருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியா மேலே அனுப்பினார். அவங்க படகு தள்ளிக்கிட்டு வந்தது இந்தக் கூடுதுறை வரைக்கும். அதுக்கு மேல சரக்கோட படகு போறது கஷ்டம். அங்கே இறங்கி, காட்டு வழியா நடந்து அம்பாங் போய், ஈயலம்பம் தோண்டினாங்க. கொஞ்ச நாள்லயே காட்டுக் காய்ச்சல்ல பெரும்பாலோர் இறந்துபோனாங்க. இன்னொரு கூட்டத்தை அனுப்பித்தான் வேலை தொடர்ந்தது. ஈயம் கீழே போகணும், அரிசியும் அபினும் சாமானும் மேலே வரணும். படகு நிற்கிற இடத்துல கடை வந்தது. கடை வந்த இடத்துல வீடு வந்தது. அதுதான் கோலாலம்பூர். யாரும் திட்டம் போட்டுக் கட்டின நகரம் இல்லை இது. படகு இதுக்கு மேல போகாது என்ற ஒரே காரணத்துக்காக உண்டான நகரம்.

ஈயலம்பத்துல மண்ணைக் கழுவுறதுதான் வேலையே. கழுவின சேறு முழுக்க ஆற்றில் போய் இறங்கியது. ஆற்றின் தரை மேடாச்சு, மேடாக மேடாக வெள்ளம் அடிக்கடி வந்தது. 1881-ல ஊரைத் தீ பிடிச்சது, அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. கப்பித்தான் யாப் ஆ லோய் காலத்து ஊர் அது. அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமா இருந்த வீடுகள் போச்சு. அதுக்குப் பிறகுதான் செங்கல்லும் ஓடும் வெச்சுக் கட்டணும்னு சிலாங்கூர் ரெசிடெண்டா இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் அழுத்தமா நின்னார். செங்கல் சுட ஆற்றோரக் களிமண் வேணும். சூளைகள் வந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்னிக்கு நாம தீபாவளிக்குச் சேலை எடுக்கிற, மாலை வாங்குற, முறுக்கு வாங்குற அதே பிரிக்பீல்ட்ஸ்.

நம்ம கோயில் கதை இங்கேதான் ஆற்றோட சேருது.

ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1873-ல தம்புசாமி பிள்ளை அவர்கள் குடும்பத்தால உருவானது. முதல்ல இப்போதைய பழைய ரயில் நிலையத்துப் பக்கம் இருந்தது. 1885-ல அன்றைய ஹை ஸ்திரீட்டுக்கு, அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீ-க்கு மாறியது. இந்த இரண்டு இடமும் ஆற்றிலிருந்து நடந்து போகிற தூரம்தான். 1886-ல கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் பாதை வந்தது. படகு நாள் கணக்கில் வந்த வழியை ரயில் சில மணி நேரமா சுருக்கிடுச்சு. அந்தத் தண்டவாளம் போட்டது, சாலை போட்டது, ரப்பர் நட்டது, செந்தூல் ரயில் பட்டறையில இரும்பு அடிச்சது எல்லாத்திலும் நம்ம ஆட்களின் வேர்வை இருக்கு. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ரெண்டு இடத்திலும் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. ரெண்டு இடமும் ஆற்றை ஒட்டின இடங்கள். ஊர்ல காவிரிக்கரை, தாமிரபரணிக் கரை, வைகைக் கரைன்னு இருந்தவங்க, கடல் தாண்டி வந்து, கிள்ளான் கரையிலும் கோம்பாக் கரையிலும் குடியிருந்தாங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆற்றங்கரையில முதல்ல எந்தத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினாங்க? மாரியம்மனுக்கு. மாரி என்றால் மழை. காய்ச்சலும் அம்மையும் வாட்டுற ஊரு, வெள்ளம் அடிக்கிற ஊரு. அங்கே மழைத்தாயைத்தான் கும்பிட்டாங்க. தெரியாத நாட்டுக் காட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல, தெரிஞ்ச தாய் ஒருத்தி வேணும் இல்லையா.

அடுத்து பத்துமலை. சுண்ணாம்புக்கல் மலை. சுமார் 40 கோடி ஆண்டு வயசு என்று நிலவியல் அறிஞர்கள் சொல்றாங்க. இதுல ஒரு அதிசயம் இருக்கு. நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில இருக்கிறதும் இதே சுண்ணாம்புப் பாறைதான். பத்துமலையில அது தலை தூக்கி நிற்குது, நகரத்துல மண்ணுக்கு அடியில படுத்திருக்கு. மழைத்தண்ணி பாறையைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு, இங்கே குகை ஆக்கியது, அங்கே பூமிக்கு அடியில பொந்து ஆக்கியது. தண்ணி செதுக்கின கருவறையிலதான் நம்ம முருகன் குடியிருக்கிறார். சிற்பி உளி வெக்கலை, மழை வெச்சது.

1890-களின் தொடக்கத்துல தம்புசாமி பிள்ளை அங்கே முருகனுக்கு வழிபாடு ஏற்படுத்தினார். 1892-ல தைப்பூசம் தொடங்கியது. 1920-ல மரப்படி வந்தது. 1940-ல 272 கான்கிரீட் படி கட்டினாங்க. 2006-ல 42.7 மீட்டர் உயரச் சிலை திறந்தாங்க. இதெல்லாம் நீங்க அறிஞ்சதுதான். நான் சொல்ல வர்றது படிக்குக் கீழே இருக்கிற விஷயம்.

பூசத்துக்கு முன்னாடி ராத்திரி நேரத்துல வெள்ளி ரதம் மாரியம்மன் கோயில்லருந்து புறப்படுது. சுமார் 15 கிலோமீட்டர். ஜாலான் ஈப்போ வழியா வடக்கே போகுது. வழியெல்லாம் தேங்காய் உடையுது, அர்ச்சனை நடக்குது, பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுறாங்க. பல மணி நேரம் ஆகுது. மாரியம்மன் கோயில் கூடுதுறைக்குத் தெற்கே கிழக்குக் கரையில இருக்கு, பத்துமலை வடக்கே இருக்கு. அதனால ரதம் எந்தத் தெரு வழியா போனாலும் கிள்ளான் ஆற்றைத் தாண்டாம போக முடியாது. ஏதோ ஒரு பாலத்து மேல முருகன் ஆற்றைக் கடக்கிறார். அந்த இருட்டுல, கூட்டத்துல, நாம யாரும் கீழே குனிஞ்சு பார்க்கிறதில்லை.

இப்போ தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. பத்து ஆறு பத்துமலைப் பக்கத்திலிருந்து தெற்கே ஓடி, கோம்பாக்கில் சேர்ந்து, கூடுதுறைக்கு வந்து, கிள்ளானோட கலந்து, நம்ம மாரியம்மன் கோயிலுக்குச் சில நிமிட நடை தூரத்துல கடந்து போகுது. ரதம் கீழிருந்து மேலே போகுது. தண்ணி மேலிருந்து கீழே வருது. நாம பிரார்த்தனையை ஆற்றுக்கு எதிர்த்திசையில கொண்டு போறோம். ஆறு நாம மலையடியில விட்டுட்டு வந்ததை எல்லாம் திரும்ப மாரியம்மன் வாசல் பக்கம் கொண்டு வருது.

மழைத்தாயின் வீட்டிலிருந்து புறப்பட்டு, தண்ணியில பிறந்த பிள்ளையின் வீட்டுக்குப் போறோம். முருகன் எங்கே பிறந்தார்? சிவனின் நெற்றிக்கண் பொறியைக் கங்கை தாங்கி, சரவணப் பொய்கையில சேர்த்தாள். அதனாலதான் அவருக்குக் காங்கேயன் என்று ஒரு பேர், சரவணபவன் என்று ஒரு பேர். நாம நாளுக்கு நூறு தடவை சொல்ற "சரவணபவ"வுக்குள்ளேயே ஒரு குளம் இருக்கு.

அதனாலதான் காவடி எடுக்கிறவங்க பத்து ஆற்றுல குளிச்சுட்டு, கரையிலயே பூஜை போட்டு, அங்கேயே அலகு குத்தி, அங்கிருந்து மலைக்கு நடக்கிறது வழக்கமாச்சு. பெரியவங்களைக் கேளுங்க. அவங்க காலத்துல ஆற்றுக்குள்ள இறங்கி முழுகினாங்க. இப்போ? பெரும்பாலோர் கரையில போட்டிருக்கிற குழாய்த் தண்ணியிலதான் குளிக்கிறோம். ஆறு பத்தடி தூரத்துல ஓடுது, நாம அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு குழாய்க்கு அடியில நிற்கிறோம். அப்புறம் வீட்டுக்குப் போன் பண்ணி "ஆத்துல குளிச்சாச்சு, கெளம்பியாச்சு"ன்னு சொல்றோம். சொல் மட்டும் மிச்சம் இருக்கு, ஆறு போயிடுச்சு.

யார் கெடுத்தாங்க? நேர்மையா பேசுவோம். 120 கிலோமீட்டர் ஆற்றைக் கோயில் பக்தர்கள் மட்டும் கெடுத்துட முடியாது. ஈயலம்பம் முதல்ல சேறாக்கியது. பிறகு வீட்டுக் கழிவுநீர், சாப்பாட்டுக் கடை எண்ணெய், சந்தைக் கழிவு, கட்டுமான மண், தொழிற்சாலைக் கழிவு எல்லாம் சேர்ந்தது. 1926-ல பெரிய வெள்ளம் வந்த பிறகு, நகரத்துக்குள்ள ஆற்றை நேராக்கினாங்க. கரைக்குக் கான்கிரீட் சுவர் வந்தது. அதுல ஒரு நியாயம் இருக்கு, வெள்ளத் தண்ணி சீக்கிரம் வெளியேறணும். ஆனா சுவர் வந்ததும் ஆறு நம்ம கண்ணுக்கு ஆறா தெரியலை, பெரிய சாக்கடையா தெரிய ஆரம்பிச்சது. சாக்கடைன்னு மனசுல பதிஞ்சிட்டா, அதுல குப்பை போட கை கூசாது.

வெள்ளமும் நிற்கலை. 1971 ஜனவரியில கோலாலம்பூர் பெரிய அளவுல மூழ்கியது. அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவாங்க. 1987-ல பத்து ஆற்றின் மேற்பகுதியில பத்து அணை வந்தது, வெள்ளத்தைத் தடுக்கவும் குடிதண்ணிக்கும். 2007-ல ஸ்மார்ட் சுரங்கம் திறந்தாங்க. 9.7 கிலோமீட்டர். அதுல ஒரு பகுதியில சாதாரண நாள்ல கார் ஓடும். பெருமழை வந்தா காரையெல்லாம் வெளியேற்றிட்டு, அம்பாங் பக்கத்துல வர்ற வெள்ளத்தை உள்ளே திருப்பி விடுவாங்க. அது நகரத்தின் நடுப்பகுதிக்கு அடியில ஓடி, தாமான் டேசா ஏரி வழியா கெராயோங் ஆற்றில் போய்ச் சேரும். நான் மேலே சொன்ன பொந்து நிறைஞ்ச சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்சுதான் இதைக் கட்டினாங்க. எவ்வளவு பெரிய வேலை பாருங்க. ஒரு ஆற்றுக்குப் பயந்து, பூமிக்கு அடியில இன்னொரு ஆறு கட்டியிருக்கோம்.

சுரங்கம் நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பாத்தும். கீழ்ப்பகுதியைக் காப்பாத்த அது போதாது. 2021 டிசம்பர்ல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா என்ன ஆச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும். அது கிள்ளான் ஆற்றங்கரைத் தாமான். நாள் முழுக்க விடாத மழை. ஜனங்க மாடியிலயும் கூரையிலயும் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தாங்க. அந்த நாட்கள்ல கோயில் மடப்பள்ளியிலும் குருத்வாராவிலும் பள்ளிவாசல்லயும் அடுப்பு அணையலை. சோறு பொட்டலம் கட்டினவங்கள்ல இந்தப் பதிவைப் படிக்கிற பல பேர் இருப்பீங்க. வெள்ளம் வடிஞ்ச பிறகு வீட்டைக் கழுவினப்ப, சேற்றோட என்னென்ன வெளியே வந்ததுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

கீழே இன்னும் போனா கிள்ளான் நகரம். 1892-ல உருவான ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். அதைத் தாண்டி துறைமுகம், கடல். நம்மில் பலர் அப்பா அம்மாவின் அஸ்தியைக் கரைக்க கிள்ளான் துறைமுகத்துப் பக்கம்தான் போறோம். அங்கே அலையில சேர்றதுல ஒரு பங்கு, பத்துமலையில் தொடங்கி வந்த தண்ணிதான். கிள்ளான் ஆற்றில் 2019 முதல் வெயில் மின்சாரத்துல ஓடுற ஒரு இயந்திரப் படகு குப்பையை அள்ளிக்கிட்டு இருக்கு. உலகத்துல முதன்முதலா இந்த வேலைக்கு இறக்கின சில இயந்திரங்கள்ல அதுவும் ஒன்று. பெருமையா சொல்றதா, வெட்கமா சொல்றதான்னு தெரியலை. முதல்ல நம்ம ஆற்றுக்கு அது தேவைப்பட்டிருக்கு.

அரசாங்கமும் சும்மா இல்லை. கூடுதுறைப் பகுதியைச் சீர்படுத்த "ரிவர் ஆஃப் லைஃப்" திட்டம் வந்தது. 2017-ல மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் நீல விளக்கு, நடைபாதை எல்லாம் வந்தது. ராத்திரி அழகா இருக்கு. ஆனா விளக்கு போட்டா தண்ணி சுத்தமாகாது. மேலே இருக்கிறவங்க கையில இருக்கு அது. இந்த ஆற்றுக்கு மேலே இருக்கிறவங்கள்ல நாமளும் ஒருத்தர். மலையடியில குளிக்கிறவங்க நாமதானே.

அதனால நம்ம பங்கை மட்டும் பேசுறேன். மத்தவங்க பங்கை அவங்க பேசட்டும்.

ஆற்றங்கரைத் துப்புரவுக்குப் போற தொண்டர்கள் குப்பைப் பையில எதெல்லாம் சேருதுன்னு சொல்றேன். கண்ணாடி போட்ட சாமி படம். உடைஞ்ச விளக்கு. பிளாஸ்டிக் மாலை. கருமக்கிரியைக்கு வெச்ச தட்டு, துணி. பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், சாப்பாட்டுப் பெட்டி. எலுமிச்சம்பழம் கட்டின நைலான் கயிறு. யாரும் கெட்ட எண்ணத்தோட போட்டது இல்லை. சாமி படத்தைக் குப்பைத் தொட்டியில போட மனசு வரலை, அதனால ஆற்றுல விட்டிருக்காங்க. மரியாதையா நினைச்சுத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா அந்தப் படம் எங்கே போய் நிற்குது தெரியுமா? பாலத்துத் தூண்ல, சேற்றுல, பழைய டயர் மேல, தலைகீழா. குப்பைத் தொட்டியை விட மோசமான இடத்துல.

நம்ம முன்னோர் ஆற்றுல விட்டது எதையெல்லாம்? களிமண் பிள்ளையார், பூ, மஞ்சள், பிண்டம், சாம்பல். எல்லாமே கரையிற பொருள். கரையும்னுதான் ஆற்றுல விட்டாங்க. "கரைப்பது" என்று நாம சொல்ற சொல்லிலேயே விதி இருக்கு. கரையாததை ஆற்றில் விடுறது சாஸ்திரத்துல சேராது, அது வீசி எறியிறது.

இந்தப் பூசத்துக்கு நாம ஒவ்வொருத்தரும் செய்யக்கூடியது இதுதான்:

ஒன்று. குளிக்கப் போற குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பெரிய குப்பைப் பை கையில கொண்டு போங்க. ஈர வேட்டி, துண்டு, பால் பாக்கெட், சோப்பு உறை எல்லாம் அதுல வரட்டும். காவடிக்காரருக்கு அருள் வந்த பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால முன்னாடியே ஒரு தம்பியையோ தங்கச்சியையோ அந்த வேலைக்கு நியமிச்சுடுங்க. வேல் பிடிக்கிறவருக்குச் சமமான தொண்டு அது.

இரண்டு. பழைய சாமி படத்தைச் சட்டம், கண்ணாடி தனியா கழற்றுங்க. கண்ணாடியைச் செய்தித்தாள்ல சுற்றி முறையா அப்புறப்படுத்துங்க. காகிதப் படத்தை மஞ்சள் தண்ணியில நனைச்சு, வீட்டுச் செடிக்கு அடியில புதைக்கலாம். மனசு ஒப்பலைன்னா உங்க கோயில் குருக்களைக் கேளுங்க, வழி சொல்வார்.

மூன்று. மாலையையும் பூவையும் நூல், நார், பிளாஸ்டிக் நீக்கிட்டு உரமாக்குங்க. ஆற்றுல விட்டாத்தான் புண்ணியம்னு இல்லை. துளசி மாடத்துக்கு உரமானாலும் சாமிக்கே போச்சு.

நான்கு. தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் நடத்துறவங்க, மிச்ச எண்ணெயையும் மோர் அண்டாவைக் கழுவின தண்ணியையும் சாலையோரக் கால்வாய்ல ஊற்றாதீங்க. ஜாலான் ஈப்போ பக்கத்துக் கால்வாய் எல்லாம் கடைசியில இந்த ஆற்றுக்குத்தான் போகுது. பாலிஸ்டிரின் பெட்டிக்குப் பதிலா வாழை இலை, காகிதத் தட்டு பாருங்க. ஒரு ரிங்கிட் கூட ஆகலாம், அதுக்கும் உபயதாரர் கிடைப்பாங்க.

ஐந்து. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. பத்து என்பது எண் இல்லை, ஒரு ஆறுன்னு சொல்லுங்க. ரதம் பாலத்தைக் கடக்கும்போது தோள்ல தூக்கி முருகனைக் காட்டுவீங்க இல்லையா, அப்போ ஒரு நிமிஷம் ஆற்றையும் காட்டுங்க. இந்தத் தண்ணி மலையிலருந்து வருது, கடலுக்குப் போகுது, தாத்தா பாட்டி அஸ்தியும் அங்கேதான் இருக்குன்னு சொல்லுங்க. அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு அதுல குப்பை போடாது.

நம்ம தாத்தா காலத்துல யாராவது ஆற்றுக்கு முதுகு காட்டிக் குளிப்பாங்கன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. இன்னிக்கு நமக்கு அது சாதாரணம் ஆயிடுச்சு. குழாயை மூடிட்டு மறுபடியும் ஆற்றுக்குள்ள இறங்கிக் காவடி எடுக்கிற நாள் நம்ம ஆயுசுல வருமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அது வர்றதுக்கான வேலையை நம்ம பக்கத்துலருந்து தொடங்கலாம். அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம், ஒரு பை போதும்.

பூசத்துக்கு மறுநாள் காலையில உங்க ஊர்க் கோயில் தொண்டர்கள் எங்கேயாவது ஆற்றங்கரை சுத்தம் பண்ணப் போனா, கையுறை போட்டுக்கிட்டு நீங்களும் போங்க. யாரும் போகலைன்னா, நீங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தப் பதிவைக் காவடிக் குழு, பால்குடக் குழு, உறுமி மேளக் குழு எல்லாத்துக்கும் பகிருங்க. பூசத்துக்கு முன்னாடி போய்ச் சேரணும்.

வேல் வேல் வெற்றிவேல். எல்லாருக்கும் விரதம் நல்லபடியா நிறைவேற முருகன் துணை இருக்கட்டும்.